கண்ணைக் கட்டிக்கொண்டு வால்ட்ஸ்: டைக் வீதி வீட்டில் பதினொரு வாரம்

பங்குனி மாதம் பாலையூற்றில் ஒரு பறங்கியர் கலியாண வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் தகப்பன் இவரோடு, என் கணவரோடு, வேலை செய்தவர். சாப்பாடு முடிந்ததும் வயலின்காரர் வால்ட்ஸ் ஒன்றை, ஜோடியாகச் சுற்றிச் சுற்றி ஆடும் மேற்கத்திய நடனத்துக்கான இசையை, தொடங்க, கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஜோடி ஜோடியாக இறங்கினார்கள். அதில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அன்ரி தன் மகனோடு ஆடினார். பாட்டுத் தொடங்கியபோது கண்ணை மூடியவர், முடியும் வரை திறக்கவே இல்லை. நெரிசலான மண்டபம். ஒருவரிலும் முட்டவில்லை. சப்பாத்துச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இவரும் நானும் இரண்டு வருடமாகப் போனில் பார்த்துப் பார்த்து வால்ட்ஸ் பழகுகிறோம். திருகோணமலையில் இதற்கென்று வகுப்பு எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அடிகள் தெரியும், கணக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஆடுவது போலத்தான் இருந்தது, சேர்ந்து ஆடுவது போல இல்லை. அன்று அந்த அன்ரியைப் பார்த்தபோது எங்களிடம் எது இல்லை என்று பாதி விளங்கியது.

போய்க் கேட்டேன். செத்துப்போன கணவரின் நினைவு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டு சுத்தினா எனக்குத் தலை சுத்தும் பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அன்றிரவே, என் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கினோம்.

முதல் வாரம் முழுக்கத் துணியோடு போராட்டம். கைலேஞ்சியை மடித்துக் கட்டினேன். மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு சின்ன வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. அதற்குள்ளால் இவருடைய கால் விரல்கள் தெரிந்தன. பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் பார்வை அங்கேதான் போகும். பிறகு தம்பி விமானத்தில் இருந்து கொண்டுவந்த கறுப்பு முகமூடி. அதன் இலாஸ்டிக் கண் முழியை அழுத்தி, கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கடைசியில் சரிவந்தது பழைய பருத்தி வேட்டிதான். நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, இரண்டு சுற்று, இறுக்காமல். மூக்கின் இரு பக்கமும் கொஞ்சம் பஞ்சு. முடிச்சைப் பின்மண்டையில் போடாமல் காதுக்கு மேலே பக்கவாட்டில் போட வேண்டும். வால்ட்ஸில் தலையைக் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்த்துப் பின்னுக்குப் பிடிக்கும்போது பின்முடிச்சு கழுத்தில் குத்தும்.

துணி சரிவந்த நாளில்தான் தலைசுற்றும் வந்தது. அன்ரிக்குக் கண்ணைத் திறந்தால் சுற்றும், எனக்கு மூடினால் சுற்றியது. வலப்பக்கத் திருப்பத்தில் ஆறு அடிக்கு ஒரு முழுச் சுற்று. எட்டுச் சுற்று முடிந்து இவர் நின்றதும், எனக்குத் தரை எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இதன் காரணத்தைத் தேடிப் படித்தேன். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். கிணற்றடியில் வாளித் தண்ணீரைச் சுழற்றிவிட்டு வாளியைச் சட்டென்று பிடித்தால், வாளி நின்றாலும் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதேதான். உடம்பு நின்றுவிட்டது, காதுக்குள் இருப்பது நிற்கவில்லை. கண் திறந்திருந்தால் சுவரையோ படத்தையோ பார்த்து, நின்றுவிட்டோம் என்று மூளை சமாதானம் ஆகிவிடும். கண்ணைக் கட்டினால் சாட்சி சொல்ல ஆள் இல்லை. பாதமும் கணுக்காலும் முழங்காலும் அனுப்பும் செய்தி மட்டும்தான் மிச்சம்.

அப்போ அந்த அன்ரிக்கு ஏன் சுற்றவில்லை? பாலையூற்றுக்கு மறுபடியும் போய்க் கேட்டேன். "ஒரு பக்கம் சுத்தினா மற்றப் பக்கமும் சுத்தோணும். நடுவில நேரா நடக்கோணும். உங்கட ஆள் ஒரே பக்கமா கிணத்துக் கயிறு சுத்துற மாதிரிச் சுத்தினா யாருக்குத்தான் தலை நிக்கும்?" என்றார். அன்று முதல் வலப்பக்கம் இரண்டு சுற்று, பிறகு நேராக நாலு நடை, பிறகு இடப்பக்கம் இரண்டு. வேகத்தையும் குறைத்தோம். மெதுவான வால்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 30 தாளக்கட்டு, கட்டுக்கு மூன்று தட்டு, அதாவது 90 தட்டு என்பது வழக்கமான அளவு. நாங்கள் போனில் 72 தட்டு வைத்துத் தொடங்கினோம். ஐந்தே நாளில் தலைசுற்று நின்றது. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். காதுப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யவே வேண்டாம்.

இடையில் இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஃபுகுடா என்ற ஜப்பானிய மருத்துவரின் பெயரில் ஒரு சோதனை இருக்கிறது. கண்ணை மூடி, கைகளை முன்னே நீட்டி, நின்ற இடத்திலேயே 50 அடி மிதிப்பது. சிவப்புச் சீமெந்துத் தரையில் சோக்கால் வட்டம் போட்டு நின்றேன். அசையவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் வட்டத்துக்கு இரண்டடி முன்னால், குசினிப் பக்கம் திரும்பி நிற்கிறேன்! கண் எத்தனை வேலையைச் சொல்லாமல் செய்துகொண்டிருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் வாரம் எனக்கு நன்றாக வருகிறது என்று சந்தோசப்பட்டேன். அறையில் எந்த மூலையில் இருக்கிறேன் என்பதுகூடத் தெரிந்தது. பிறகுதான் பிடிபட்டது, மின்விசிறிக் காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். மின்விசிறியை நிறுத்தினோம். அப்போது கடல் வந்தது. எங்கள் டைக் வீதி வீட்டுப் பின்கதவைத் திறந்தால் கடற்கரை. அலைச் சத்தம் எந்தப் பக்கம் என்று காது சொல்லிவிடும். பின்கதவையும் அடைத்தோம். வெக்கையான கச்சான் காற்றுக் காலம், அடைத்த அறை, மின்விசிறி இல்லை. இரண்டு பாட்டுக்குள் கை வழுக்கத் தொடங்கிவிடும். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ஆடினோம். ஆனால் அந்த வாரத்தில்தான் எனக்கு இவரை விட்டால் வேறு வழியே இல்லை என்ற நிலை வந்தது. அதற்காகத்தானே இவ்வளவும்.

அன்ரி இன்னொரு பயிற்சி சொல்லித் தந்திருந்தார். நடத்துகிறவர், எங்களில் இவர், எந்த இடத்திலும் சொல்லாமல் நின்றுவிட வேண்டும். பின்தொடர்கிறவரும், அதாவது நானும், அங்கேயே நிற்க வேண்டும். பார்க்கச் சின்ன விசயம். முதல் நாள் பத்துத் தடவை நின்றார், எட்டுத் தடவை நான் அடுத்த அடியை வைத்துவிட்டேன். "நீர் என்னைக் கேக்கேல்ல, பாட்டைக் கேக்கிறீர்" என்றார் இவர். உண்மை. ஒன்று வந்தால் இரண்டு வரும், இரண்டு வந்தால் மூன்று என்று என் கால் முன்கூட்டியே முடிவு எடுத்திருந்தது. இரண்டு வருடமாகக் கண்ணைத் திறந்து ஆடியபோதும் இதைத்தான் செய்திருக்கிறேன். இவருடைய தோளைப் பார்த்து, அடுத்து என்ன வரும் என்று ஊகித்து, இவர் தொடங்கும் முன்பே நான் போயிருக்கிறேன்.

அடுத்த நாள் இவருடைய பிழையும் வெளியே வந்தது. வால்ட்ஸ் பிடியில் ஆணின் வலது கை, பெண்ணின் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே இருக்கும். அந்தக் கை வெறுமனே இருக்க வேண்டும். நெஞ்சும் இடுப்பும் திரும்பினால் கையும் கூடவே வரும், அதுதான் செய்தி. நான் காத்திருக்கத் தொடங்கியதும் இவருக்கு நான் நகரவில்லை என்ற பதற்றம். உள்ளங்கையால் தள்ளினார். முதுகில் கதவைத் தள்ளுவது போல இருந்தது. இதையும் இரண்டு வருடமாகச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். நான் முந்திக்கொண்டு போனதால் தள்ளு என்னை வந்து சேரவில்லை. என் பிழை அவர் பிழையை மூடியது, அவர் பிழை என்னுடையதை. இரண்டையும் சேர்த்து மூடியது என் கண்.

அன்றைக்குக் கொஞ்சம் மனம் விட்டுக் கதைத்தோம். ஆடவில்லை.

பிறகு ஒரு வாரம் அடி எதுவும் இல்லை. பிடித்தபடி நின்று, பாரத்தை ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்கு மாற்றுவது மட்டும். இவர் மாற்றினால் நானும் மாற்ற வேண்டும். ஐந்தாம் நாளளவில் ஒன்று தெரிந்தது. இவர் பாரம் மாற்றும் முன் ஒரு சின்ன மூச்சை உள்ளே எடுக்கிறார். விலா கொஞ்சம் விரிகிறது. அது என் இடது முன்கையில், அவருடைய மேற்கை மேல் கிடக்கும் இடத்தில், சட்டைத் துணி நகர்வது போலத் தெரியும். அதைப் பிடித்த பிறகு, பத்து நிறுத்தத்தில் மூன்றில்தான் தவறினேன்.

ஆர்ஜென்டினாவில் டாங்கோ ஆடும்போது பின்தொடர்கிறவர்கள் பலர் கண்ணை மூடியே ஆடுகிறார்கள். நடத்துகிறவர் மூடுவதில்லை. ஜோடிகள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மண்டபத்தைச் சுற்றி வருவதால் முன்னால் இடம் இருக்கிறதா என்று ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். வால்ட்ஸிலும் அதே திசைதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், வீட்டுக்குள்தானே என்று ஏழாம் வாரம் மாறிப் பார்த்தோம். நான் நடத்த, இவர் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

துணியைக் கட்டியதும் இவருடைய மூச்சு மாறியதை முதலில் கேட்டேன். கை முழங்கை வரை மரமாக இறுகிவிட்டது. பின்னுக்கு அடி வைக்கச் சொன்னால் பாதத்தை நீட்டித் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பாரத்தை விட்டார். நான் பின்னுக்கு நடந்த இந்த ஆறு வாரமும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். "நீர் என்னைச் சுவரில மோத விடமாட்டீர் எண்டு தெரியும். ஆனா கால் நம்புதில்லை" என்றார். அவருடைய கால் நம்ப எட்டு நாள் பிடித்தது. எனக்கும் அந்த எட்டு நாளும் வேறு விதமான பாரம். கதிரை எங்கே, தூண் எங்கே, அவருடைய குதிக்காலுக்கும் படிக்கும் எத்தனை விரல்க்கடை என்று என் கண் ஓயவில்லை. படுத்தாலும் அந்த அறை கண்ணுக்குள் வரும். அதன் பிறகு அவர் என்னை நடத்தும்போது தள்ளுவது நின்றுவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை.

ஒன்பதாம் வாரம் கடற்கரைக்குப் போனது பிழையான முடிவு. விடியற்காலை ஐந்தரை, ஆள் இல்லை, அலையும் இல்லை. மண்ணில் வெறுங்காலோடு வால்ட்ஸ் ஆடினால் பாதம் திரும்பாது. சீமெந்தில் பாதம் வழுக்கித் திரும்பும், மண்ணில் பாதம் புதைந்து நிற்க முழங்கால் மட்டும் திரும்பும். இரண்டு திருப்பத்திலேயே முழங்காலின் உள்பக்கம் இழுத்தது. சரி, சுற்ற வேண்டாம், நேராக மட்டும் நடப்போம் என்று பின்னுக்கு நடந்துகொண்டிருந்தேன். "அக்கா, கயிறு! கயிறு!" என்று யாரோ கத்தினார்கள். கரைவலை இழுக்க வந்தவர்கள். ஈரக் கயிறு குதிக்காலில் பட்டதும் இவர் என்னை அப்படியே தன் பக்கம் இழுத்துப் பிடித்தார். விழவில்லை. குதிக்காலில் கொஞ்சம் தோல் உரிந்ததோடு போயிற்று. ஆனால் அந்தக் கயிறு அசைந்துகொண்டிருந்தது, மறுமுனையில் பத்துப் பேர். திறந்த வெளியில் இனிக் கண்ணைக் கட்டுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தோம்.

நேற்று, பதினொராம் வாரம், அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். ரீயும் வடையும் முடிந்த பிறகு, கதிரைகளை ஒதுக்கச் சொல்லிவிட்டு எழுந்தார். "வா பிள்ளை, நான் ஆம்பிளைப் பக்கம்" என்றார். வேட்டித் துணியை அவரே கட்டிவிட்டார், முடிச்சுக் காதுக்கு மேலே.

அவருடைய கை இவருடையதைப் போல் அல்ல. சின்னக் கை, காய்ந்த கை, பிடித்தது போலவே இல்லை. முதல் அடி எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது, நான் ஏற்கனவே பின்னால் இருந்தேன். போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு தடவை சொல்லாமல் நின்றார், நானும் நின்றேன். திரும்பத் தொடங்கியதும் ஏதோ ஒன்று வித்தியாசமாக இருந்தது. ஒவ்வொரு இரண்டாவது தாளக்கட்டிலும், மூன்றாம் தட்டில், பாரம் ஒரு மயிரிழை பிந்தி வந்தது. வலது கையில் இல்லை, தோளில் இல்லை. அவருடைய இடது பக்கம் முழுவதும் கொஞ்சம் கீழே போய், யோசித்து, மேலே வந்தது. நானும் அந்த மயிரிழைக்குக் காத்திருந்து போனேன்.

"முழங்கால் தெரியுதா?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி. இடது."

"பத்து வருசமா நோகுது. மகனுக்கு இன்னும் தெரியாது" என்றார். பிறகு, "சரி, இனி மற்றப் பக்கம் சுத்துவம்."