வாயை மட்டும் அசைத்தவன்

என் பாட்டு வகுப்பில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் திடீரென்று பாடுவதை நிறுத்திவிட்டான். வாய் மட்டும் அசைகிறது. சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டியும்விட்டேன். அப்புறம்தான் புரிந்தது, குரல் உடைகிறது. இந்த வயதில் குரல்நாண்கள் நீண்டு தடிக்கும்; பையன்களின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ச-விலிருந்து கீழ் ச வரை, இறங்கிவிடும். 440 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 440 அதிர்வு) பாடியவனுக்கு இனி 220 தான் வசதி. பெண்பிள்ளைகளுக்கும் குரல் மாறும், ஆனால் கொஞ்சம்தான். அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

இப்போது மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியாகப் பாடச் சொல்லி, எட்டுகிற சுரங்களைக் குறித்துக்கொள்கிறேன். அவனுக்காக ஐந்தே சுரத்தில் ஒரு வரி எழுதினேன். நேற்று பாடினான். நடுவில் ஒருமுறை கீச்சிட்டது. பக்கத்தில் நின்றவன் சிரித்தான். சரி, அடுத்த வரியிலேயே அவன் குரலும் கீச்சிட்டது.