புராஜெக்ட் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு): சனிக்கிழமைச் சம்பளத்தைப் பற்றிக் கேளுங்கள்

போன வாரம் ரிசல்ட் வந்துவிட்டது. எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டில் நல்ல மார்க். முதல் ரிவியூவில் "இதுல ஒண்ணுமே இல்லைம்மா, மறுபடி போய்ப் பேசிட்டு வா" என்று திருப்பி அனுப்பப்பட்டவள் நான். அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். உள்ளூர்த் தொழிலதிபர்களின் தலைமை, சவால்கள் என்று தலைப்பு எடுத்திருக்கும் ஜூனியர்கள் யாருக்கும் அந்த நிலை வர வேண்டாம் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

நான் எடுத்தது திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளை. முதல் சுற்றில் லைக்கர்ட் ஸ்கேலில் (எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று கட்டங்களில் டிக் அடிக்கும் முறை) முப்பது கேள்விகளோடு போனேன். ஒன்பது பேரும் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" கட்டத்திலேயே டிக் அடித்துக் கொடுத்தார்கள். ஆட்களை எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டால், "எல்லாரும் எங்க குடும்பம் மாதிரிங்க." ஒன்பது பேரிடமும் இதே பதில்தான். இதை வைத்து எந்தப் புள்ளியியல் டெஸ்ட் போட்டாலும் ஒன்றும் வராது.

இரண்டாம் சுற்றுக்குக் கேள்வித்தாளை எடுத்துப் போகவில்லை. ஒரே கேள்விதான்: "2011ல சாயப்பட்டறையெல்லாம் மூடினப்போ சனிக்கிழமைச் சம்பளம் எப்படிங்க கொடுத்தீங்க?"

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது 2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. மறுநாள் ஊரெங்கும் சம்பள நாள். இந்தக் கிழமையை நான் காலண்டரில் பார்த்துவிட்டுப் போனேன். அதைச் சொன்னதுமே எதிரில் இருப்பவர் பேசும் விதம் மாறிவிடுகிறது.

முன்பு ஐந்து நிமிடத்தில் என்னை அனுப்பிவிட்ட ஒரு முதலாளி, இந்த முறை டீ சொல்லிவிட்டு பீரோவைத் திறந்து பழைய சம்பள நோட்டை எடுத்தார். முதல் இரண்டு வாரமும் முழுச் சம்பளம். மூன்றாவது சனிக்கிழமையில் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் பாதித் தொகை, பக்கத்தில் சிவப்பு மையில் "பாக்கி". "மேனேஜரை விட்டுச் சொல்லச் சொல்லலாம்னுதான் மொதல்ல நெனச்சேன் அம்மணி. அப்புறம் நானே கட்டிங் டேபிள் பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன்." பேசிக்கொண்டே விரலால் பெயர்களைத் தொட்டுக்கொண்டு வந்தார். கோடு போட்ட பெயரெல்லாம் ஊருக்குப் போய்த் திரும்பி வராதவர்கள். ஓர் ஓவர்லாக் டெய்லரின் பெயரில் விரல் நின்றது. அவருக்குத் தர வேண்டிய பாக்கியை திண்டுக்கல் பக்கம் அவர் ஊருக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தாராம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் அத்தியாயத்தில் பாதி அந்த ஒரு பக்கத்திலிருந்து வந்தது.

2011ஐப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லாதவர்களிடம் அவரவருடைய மோசமான வாரத்தைக் கேட்டேன். செக்கிங், அயர்னிங் யூனிட் நடத்தும் ஓர் அக்கா 2020 ஊரடங்கைச் சொன்னார்; ஒடிசாப் பெண்களுக்கு வேலையில்லாமலே இரண்டு மாதம் சமைத்துப் போட்டிருக்கிறார். ஏற்றுமதியாளர் ஒருவர், 2007இல் டாலர் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியபோது பயத்தில் அந்நியச் செலாவணி ஒப்பந்தம் ஒன்றில் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதைச் சொன்னார். இப்போது இரவு எத்தனை மணி ஆனாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லையாம்.

மற்றபடி எனக்கு உதவியவை:

- செல்போனில் ரெக்கார்ட் செய்யாதீர்கள். நோட்டில் எழுதுங்கள். போனைப் பார்த்ததும் எல்லோரும் மேடைப் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.
- பேச்சு நின்றால் நிற்கட்டும். அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். நான் இயல்பிலேயே அதிகம் பேசாதவள், எனக்கு அது சுலபமாக இருந்தது. கலகலப்பானவர்கள் ஒரு நண்பரைக் கூட்டிப் போய் அவரை எழுத வையுங்கள்.
- சனிக்கிழமை போகவே கூடாது. ஷிப்மென்ட் நாளிலும் கூடாது.
- பெரிய பெயர்களால் பக்கத்தை நிரப்பாதீர்கள். 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தைத் தொடங்கிய ஏ. சக்திவேலைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தேன். அவர் முக்கியமானவர்தான், ஆனால் நான் அவரைச் சந்திக்கவில்லை. கைடு சொன்னபடி ஒரு பத்தியாகக் குறைத்தேன்.

வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) முதலில் பிடித்தது சாம்பிளைத்தான். "ஒன்பது பேர் எப்படிம்மா போதும்?" ஒருவர் சொல்லி அடுத்தவரிடம் போன ஸ்னோபால் முறை என்பதை மறைக்காமல் சொன்னேன். எட்டு, ஒன்பதாவது ஆட்களிடம் புதிய விஷயம் எதுவும் வராததால் நிறுத்தினேன் என்றேன். அடுத்து, எந்தத் தியரி என்றார். ஹெர்சி-பிளான்சார்ட் என்றேன்; ஆளின் பக்குவத்துக்கு ஏற்பத் தலைவர் தன் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அது. அதோடு விடாமல், அதே முதலாளி புது ஹெல்பருக்கு ஒவ்வொரு வேலையையும் சொல்லிக் காட்டுகிறார், பழைய கட்டிங் மாஸ்டரிடம் சாவியையே கொடுத்துவிட்டுப் போகிறார் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்தச் சம்பள நோட்டைப் பத்திச் சொல்லு" என்றார். மிச்ச நேரம் முழுக்க அதைத்தான் பேசினோம்.

பைண்டிங் கொடுக்கும்போது ஒரு காப்பி கூடுதலாகப் போடுங்கள். நேற்று அதை அந்த முதலாளியிடம் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்துவிட்டு நேரே நோட்டு வரும் பக்கத்தைத் தேடி எடுத்தார். டெய்லர் பெயரை மாற்றியிருக்கிறேனா என்றுதான் முதலில் கேட்டார். மாற்றியிருந்தேன்.