கொசுறாக ஒரு பிடி

பொலிவியாவின் லா பாஸுக்கு வந்த புதிதில் சோறே வேகவில்லை. 3,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாமான்களோடு குக்கர் வந்து சேரும்வரை அரைவேக்காடுதான். போதாக்குறைக்குத் தலைவலி, மூச்சிரைப்பு. வீட்டுக்காரம்மா கோகா இலையை வெந்நீரில் போட்டு நீட்டினார். கொக்கெயின் எடுக்கும் இலையாயிற்றே என்று தயங்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, இங்கே அது நம் வெற்றிலை மாதிரி: கன்னத்தில் அதக்கிக்கொள்ளவும் வேண்டும், சடங்குக்கும் வேண்டும்.

அது 2005 நவம்பர். சுவரெல்லாம் ஜனாதிபதி வேட்பாளர் ஏவோ மொராலெஸ். லாமா மேய்த்த ஐமாரா பழங்குடிக் குடும்பம். ஏழு பிள்ளைகளில் பிழைத்தது மூன்று. செங்கல் அறுத்திருக்கிறார், பேண்டில் ட்ரம்பெட் ஊதியிருக்கிறார். சப்பாரே பகுதியில் கோகா விவசாயிகளின் சங்கத் தலைவரானார். அமெரிக்க ஆதரவோடு பட்டாளம் வந்து கோகா செடிகளைப் பிடுங்கப் பிடுங்க, இவர் வளர்ந்தார்.

காய்கறி வாங்கும் காசெராதான் எனக்கு அரசியல் ஆசான். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். கொசுவப் பாவாடை, வட்டத் தொப்பி, முன்னால் உறையவைத்து உலர்த்திய சுன்யோ உருளைக்கிழங்குக் குவியல். "எங்கம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது முரில்யோ சதுக்கத்தில் எங்கள் பழங்குடி ஆட்கள் கால் வைக்க முடியாது" என்றார். ஜனாதிபதி மாளிகையும் நாடாளுமன்றமும் இருக்கும் சதுக்கம் அது. 1952 புரட்சிக்குப் பிறகுதான் நிலைமை மாறியதாம்.

டிசம்பர் 18, வாக்குப்பதிவு. அன்று வண்டி ஓட்டத் தடை என்பது எனக்குத் தெரியாது. டாக்ஸிக்காக அரை மணி நேரம் அசட்டுத்தனமாக நின்றேன். நடுரோட்டில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஏவோவுக்குக் கிட்டத்தட்ட 54 சதவீதம். யாருக்கும் பாதி கிடைக்காமல், நாடாளுமன்றம் பேரம் பேசி ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தே பழகிய நாடு அது. மறுநாள் காசெரா கொசுறாக இரண்டு பிடி சுன்யோ அள்ளிப் போட்டார். இங்கே அதற்கு யாப்பா என்று பெயர். வழக்கமாக ஒரு பிடிக்கே மனசு வராது அவருக்கு.

ஸ்பெயின் மன்னரைப் பார்க்கவும் ஏவோ எப்போதும் போடும் அதே கோடுபோட்ட ஸ்வெட்டரில் போனார். மேட்டுக்குடியினர் முகம் சுளித்தார்கள். காசெரா அந்தப் படத்தைக் கடையில் மாட்டினார்.

2016இல் நான்காம் முறை நிற்க மக்கள் வேண்டாம் என்று வாக்களித்த பிறகும் ஏவோ நின்றார். 2019இல் பதவி விலகி வெளியேறினார். மக்கள் வேண்டாம் என்ற பிறகும் அவர் நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. காசெராவுக்கும்தான் போலிருக்கிறது, படத்தைக் காணோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு முரில்யோ சதுக்கத்தில் புறாக்களுக்குச் சோளம் போட்டுக்கொண்டிருப்பார்.