ரயில் வரும்போது கேட்கும் மெட்டு

ஜப்பானில் டோக்கியோவை ஒட்டிய கவாசாகி நகருக்கு வீடு மாறி வந்த புதிது. கெய்க்யூ கவாசாகி நிலையத்தில் ரயில் நெருங்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு மெட்டு ஒலிக்கும். சில விநாடிகள்தான். மூன்றாம் நாள் சட்டைக்கு இஸ்திரி போடும்போது அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் விசிலடித்துக் காட்டினேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். சிரித்துவிட்டு மீதியை அவரே விசிலடித்து முடித்தார். பாட்டிலேயே விசில் வருமாம்.

பாட்டின் பெயர் 'உவே ஓ முயித்தே அருக்கோ'. மேலே பார்த்தபடி நடப்போம் என்று அர்த்தம். எதற்கு மேலே பார்க்க வேண்டும்? கண்ணில் முட்டிய நீர் வழிந்துவிடக் கூடாதே, அதற்கு. துள்ளலான அந்த மெட்டை வைத்து அழுகைப் பாட்டு என்று நான் நினைக்கவே இல்லை.

பாடியவர் சகமோட்டோ க்யூ, இதே கவாசாகிக்காரர். வீட்டில் ஒன்பதாவது பிள்ளை. 'க்யூ' என்றாலே ஒன்பது. எழுதியவர் ஏய் ரொக்குசுக்கே (ஆமாம், குடும்பப் பெயரே 'ஏய்'தான்), இசை நகமுரா ஹச்சிதாய். ரொக்கு ஆறு, ஹச்சி எட்டு. மூவரையும் சேர்த்து 6-8-9 கூட்டணி என்பார்கள். 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து ஜப்பானில் பெரும் போராட்டம் நடந்து தோற்றது. அந்த ஏமாற்றத்தில்தான் ஏய் இந்த வரிகளை எழுதினார். பாட்டு 1961இல் வந்தது. 1963 ஜூனில் அதே அமெரிக்காவில் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலின் உச்சியில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தது, முழுக்க ஜப்பானிய மொழியிலேயே!

அங்கே அதன் பெயர் மட்டும் 'சுகியாகி'. இங்கிலாந்தில் பை ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இதன் மெட்டை ஜாஸ் இசையாக வெளியிட்டபோது, ஜப்பானியத் தலைப்பு வாயில் நுழையாது என்று அப்படி வைத்தார்கள். சுகியாகி என்பது மாட்டிறைச்சியைச் சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துச் சமைக்கும் பண்டம். பாட்டில் இறைச்சியும் இல்லை, சட்டியும் இல்லை. நம் ஊர்ச் சோகப் பாட்டு ஒன்றுக்கு 'மட்டன் சுக்கா' என்று பெயர் வைத்து வெளிநாட்டில் விற்றால் எப்படி இருக்கும்? எனக்குக் கோபமாகத்தான் வந்தது. ஆனால், சரி, அர்த்தம் தெரியாமல் இஸ்திரிப் பெட்டியோடு முணுமுணுத்த நான் மட்டும் என்ன ஒழுங்கு?

1985 ஆகஸ்ட் 12 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து ஒசாகாவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானம் மலையில் விழுந்து 520 பேர் இறந்தார்கள். சகமோட்டோவும் அதில் இருந்தார். வயது 43. மேசைக்காரர் இதைச் சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் நிலையத்திலிருந்து ஹனேடா பக்கம்தான். போன மாதம் ஊருக்குப் போகப் பெட்டியோடு நின்றிருந்தேன். மெட்டு ஒலித்தது. ரயில் வந்தது, ஏறினேன். கமாத்தாவில் இறங்கி விமான நிலைய ரயிலுக்கு மாறினேன்.