சாரும் ஸ்கேலும் நெத்திலியும்

எங்கள் தெருவில் மீன் வாங்குகிறவர்கள் பலர். மீனை விசாரிக்கிறவர் ஒருவர்தான்: விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற சார். எங்கள் வீடு கொல்லங்கோட்டுக்குப் பக்கம். நீரோடியில் கரையேறும் மீன் வெயில் ஏறுவதற்குள் தெருவுக்கு வந்துவிடும். நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அது கேரளம்.

போன சனிக்கிழமை மீன்கார அக்கா அலுமினியப் பாத்திரத்தை இறக்கியதும் அம்மா எட்டிப் பார்த்தாள். விரல் நீளத்தில், வெள்ளி மின்ன, பொடி மீன். மாங்காய் போட்டு அவியல் வைக்கலாம் என்று விலை கேட்பதற்குள் சார் வந்துவிட்டார்.

"நில்லுங்க. இது சாளைக் குஞ்சு மாதிரி இருக்கே?"

"சாரே, இது நெத்தோலியாக்கும்."

சார் விடுவதாக இல்லை. கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த சாளையை, அதாவது மத்தியைப் பிடிக்கக் கூடாது, சட்டமே இருக்கிறது என்றார். பேரனைக் கூப்பிட்டு ஜாமெட்ரி பாக்ஸில் இருந்து ஸ்கேல் எடுத்துவரச் சொன்னார்.

"சட்டம் அங்க. நீங்க நிக்கது தமிழ்நாட்டுல."

"மீனுக்கு எல்லை தெரியுமாம்மா?"

"தெரியாதுல்லா? அப்போ சட்டம் மட்டும் எப்படி எல்லையோட நிக்குது?"

சார் இதற்குப் பதில் சொல்லாமல் ஒரு மீனை அளந்தார். ஏழு செ.மீ. அடுத்ததும் கிட்டத்தட்ட அதே.

அவர் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. 2012இல் கேரளத்தில் கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021இல் வெறும் 3,297 டன். கொச்சியில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. சார் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் கூடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள்.

அக்கா பொறுமை இழந்து ஒரு மீனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். "வாயப் பாருங்க. மூக்கு முன்னால தள்ளி நிக்கும், வாய் அதுக்கு அடியில, கண்ணுக்குப் பின்னால வரைக்கும் கிழிஞ்சிருக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி, பக்கத்துல ஒரு வெள்ளிக் கோடு. சாளைக்கு வாய் சின்னது, நேரா நுனியில இருக்கும்." அப்புறம் சாரின் விரலைப் பிடித்து மீன் வயிற்றில் தேய்த்தார். "சாளைன்னா அடிவயிறு முழுக்க ரம்பம் மாதிரி உரசும். இதுல முன்பக்கம் நாலஞ்சு முள்ளுதான்."

வகுப்பில் சார் எத்தனையோ பேரைக் கரும்பலகை முன் நிறுத்தியிருப்பார். அவரை இப்படி நிறுத்தி அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் சாரும் லேசுப்பட்டவர் இல்லை. பாத்திரத்துக்குள் கையை விட்டுத் துழாவி, கொஞ்சம் அகலமான, முதுகு நீலம் பாய்ந்த ஒன்றை உருவினார். வயிற்றைத் தடவினார். ரம்பம்! "இது என்ன?"

சாளைக் குஞ்சேதான். கரையோரம் வரும்போது ஒரே அளவுப் பொடிகள் இனம் பார்க்காமல் கலந்தே நீந்தும், வலையும் பிரித்துப் பார்த்து அள்ளாது. கூட்டமாகப் போனால் துரத்துகிற பெரிய மீன் எதைப் பிடிப்பது என்று குழம்பிவிடும் என்பார்கள். சார் குழம்பாமல் பிடித்துவிட்டார்.

அக்கா அசரவில்லை. "கொண்டுபோங்க சாரே, காசு வேண்டாம். பத்து சென்டிமீட்டர் ஆகுற வரைக்கும் உங்க கிணத்துல விட்டு வளருங்க."

தெருவே சிரித்தது. சார் மட்டும் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். அது கடல் மீன், நல்ல தண்ணீரில் பிழைக்காது, அதன் முக்கியத் தீனியே கடலில் மிதக்கிற நுண்பாசிகள், நெத்திலி என்றால் மிதக்கிற நுண்விலங்குகளைத் தின்னும் என்று விளக்கத் தொடங்கினார். அக்கா அதற்குள் எல்லாருக்கும் மீனை அள்ளிப் போட்டுக் காசையும் வாங்கி முடித்துவிட்டார்.

"அது கிடக்கட்டும் சாரே, இத ஒரு கை தூக்கி விடுங்க."

சார் பேச்சை நிறுத்தாமலே பாத்திரத்தை அக்கா தலையில் ஏற்றினார். அடியில் கிடந்த ஐஸ் தண்ணீர் அவ்வளவும் அவர் வெள்ளை வேட்டியில்.