லிவர்பூலைக் காலால் பார்க்க வேண்டுமென்றால், தரைக்கு அடியிலிருந்து ஆரம்பியுங்கள்

லிவர்பூல் என்றதும் நம்மவர்களுக்குப் பந்தாட்டம், அடுத்து பீட்டில்ஸ். அந்த ஊரில் கிடைக்கும் சுற்றுலா நடைகளும் பெரும்பாலும் இந்த இரண்டையும்தான் சுற்றுகின்றன. கப்பல், துறைமுகம் என்று கேட்டால் ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் மூன்று பெரிய கட்டடங்களின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, போட்டோ எடுக்கச் சொல்லி, ராயல் லிவர் கட்டடத்து உச்சியில் இருக்கும் இரண்டு செம்புப் பறவைகளின் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அழகான கட்டடங்கள்தான், நானும் போட்டோ எடுத்தேன். ஆனால் மூன்றுமே 1907க்கும் 1917க்கும் இடையில் கட்டி முடித்தவை, அதாவது கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் வருபவை. அங்கிருந்து நடக்க ஆரம்பித்தால் அவ்வளவு பணம் இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது என்பது புரியவே புரியாது.

நான் சொல்வது, லிவர்பூல் ஒன் என்ற கடைவீதியில் ஆரம்பியுங்கள். தாமஸ் ஸ்டியர்ஸ் வே என்ற பாதையில் தரையில் வட்டமாக ஒரு கண்ணாடி பதித்திருப்பார்கள், பை பையாகச் சாமான் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டே போவார்கள். குனிந்து பார்த்தால் கீழே பழைய செங்கல் சுவர் தெரியும். 1715இல் திறந்த ஓல்ட் டாக் அது, டாக் என்றால் கப்பல்கள் உள்ளே வந்து நிற்கச் சுவர் கட்டிய தண்ணீர்த் தொட்டி. வணிகக் கப்பல்களுக்காகக் கட்டிய, கதவு போட்டுத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் உலகின் முதல் டாக் என்று அதைச் சொல்கிறார்கள். வழிகாட்டியோடு கீழே இறங்கியும் பார்க்கலாம், டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது நல்லது.

ஏன் கதவு போட வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நான் தூத்துக்குடிப் பக்கம். அங்கே கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான், எங்கள் பிரச்சினை ஆழம் இல்லாதது, அதனால் புதுத் துறைமுகம் வரும்வரை கப்பல் வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். மெர்சி ஆற்றில் கதை வேறு. பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் பத்து மீட்டர் வரை ஏறி இறங்குகிறது, மூன்று மாடி உயரம், அதுவும் ஒரே நாளில் இரண்டு முறை. கரையோரம் கட்டிப்போட்ட கப்பல் தண்ணீர் வற்றியதும் சேற்றில் சாய்ந்துவிடும், மறுபடி தண்ணீர் ஏறும்வரை சரக்கைத் தொட முடியாது. ஸ்டியர்ஸ் என்ற பொறியாளர் அங்கிருந்த ஓடைமுகத்தையே சுவர் எழுப்பி அடைத்து, ஓதம் உச்சத்தில் இருக்கும்போது கதவைத் திறந்து கப்பலை உள்ளே விட்டு, பிறகு மூடிவிட ஏற்பாடு செய்தார். வெளியே ஆறு என்ன ஆட்டம் போட்டாலும் உள்ளே மட்டம் அப்படியே நிற்கும். பல நாள் எடுத்த வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. இந்த டாக்கை 1826இல் மண் போட்டு மூடி, மேலே சுங்க மாளிகை கட்டினார்கள், அதன்மேல் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்தது, பிறகு இடித்தார்கள். 2001இல் தோண்டும்போதுதான் சுவர் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

சரி, அந்தக் கதவுக்குள் வந்து போன கப்பல்கள் எவை? துணி, துப்பாக்கி, உலோகச் சாமான் ஏற்றிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்கா போகும், அங்கே மனிதர்களை வாங்கி ஏற்றிக்கொண்டு கரீபியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் போகும், அங்கிருந்து சர்க்கரை, ரம், புகையிலை, பருத்தியோடு இங்கே திரும்பும். பிரிட்டிஷ் கப்பல்கள் கடல் தாண்டிக் கொண்டுபோன சுமார் 30 லட்சம் ஆப்பிரிக்கர்களில் பாதிப்பேர் லிவர்பூல் கப்பல்களில் போனவர்கள். 1807இல் சட்டம் போட்டுத் தடுக்கும்வரை இது நடந்தது. அடிமைகளில் மிகப் பெரும்பாலோர் இந்த ஊர்க் கரையைப் பார்த்ததே இல்லை என்பதால், ஊருக்கு அவர்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக மட்டும் இருக்க முடிந்தது. டவுன் ஹாலின் வெளிச்சுவரில் மேலே நிமிர்ந்து பாருங்கள், யானை, சிங்கத்தோடு ஆப்பிரிக்கத் தலைகளையும் செதுக்கியிருக்கிறார்கள். ஒளிவுமறைவே இல்லை, பெருமையாகவே வைத்திருக்கிறார்கள். எரிக் லின்ச் என்ற கறுப்பின வரலாற்றாளர் பல ஆண்டுகள் இந்தத் தெருக்களில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து இந்தக் கதையைச் சொன்னவர். இப்போது அவர் பெயரிலேயே சில தெருக்களில் விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். வேகமாக நடந்தால் கண்ணில் படாது, தேடித்தான் படிக்க வேண்டும்.

டவுன் ஹாலுக்குப் பின்னால் எக்ஸ்சேஞ்ச் ஃப்ளாக்ஸ் என்ற கல் பாவிய முற்றம். பருத்தித் தரகர்கள் வெட்டவெளியில் நின்று பேரம் பேசிய இடம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் பருத்தி நின்றுபோனதும் லங்காஷயர் ஆலைகள் பட்டினி கிடந்தன, இந்தியப் பருத்தி விலை எகிறியது. இங்கே பேசிய ரகங்களில் சூரத்தோடு ‘டின்னவேலி’யும், அதாவது நம் திருநெல்வேலியும் உண்டு. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விளைந்து தூத்துக்குடியில் பொதிகட்டிக் கப்பலேறிய அதே பஞ்சு. முற்றத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் சிலை இருக்கிறது, அதன் அடியில் சங்கிலி கட்டிய நான்கு ஆண்கள். அவை நெல்சனின் நான்கு வெற்றிகளைக் குறிக்கும் கைதிகளாம். ஆனால் இந்த ஊரில் நின்று பார்க்கிறவனுக்கு வேறு நினைப்புத்தான் வரும்.

ஆற்றை நோக்கித் திரும்பினால் ஜேம்ஸ் தெருவில் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஆல்பியன் ஹவுஸ், டைட்டானிக் கப்பலை ஓட்டிய கம்பெனியின் தலைமை அலுவலகமாக இருந்தது. கப்பலின் பின்புறம் லிவர்பூல் என்று எழுதியிருந்தாலும் அது ஒருமுறைகூட இங்கே வந்ததில்லை. கரைக்குப் போனால், மூழ்கிய கப்பல்களின் எஞ்சின் அறைத் தொழிலாளர்களுக்கான தூண் இருக்கிறது. டைட்டானிக் எஞ்சினியர்களுக்காக ஆரம்பித்து, கட்டி முடிப்பதற்குள் முதல் உலகப் போர் வந்து, எல்லா எஞ்சின் அறைக்காரர்களுக்குமாக ஆகிவிட்டது. சட்டையில்லாத கரி தள்ளும் ஆட்களைச் சிலையாக வைத்த நினைவுச்சின்னம் அபூர்வம். அந்த வேலையில் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட எத்தனையோ இந்தியக் கப்பல் தொழிலாளர்களும் வெந்திருக்கிறார்கள்.

ஆல்பர்ட் டாக்கை எல்லாரும் பார்ப்பார்கள், நான் சொல்லத் தேவையில்லை. 1846இல் ஜெஸ்ஸி ஹார்ட்லி செங்கல், கல், இரும்பு மட்டும் வைத்து, தீப்பிடிக்காதபடி கட்டிய கிடங்குகள். இப்போது காபிக் கடைகள். காபி சுமார்.

நேரம் இருந்தால் வடக்கே நடங்கள், பெரும்பாலான சுற்றுலா நடைகள் எட்டிப் பார்க்காத பக்கம் அது. ஹார்ட்லியின் கருங்கல் மதில் கூடவே வரும். மதிலை ஒட்டிய தெருவின் தலைக்கு மேலே 1893இலிருந்து 1956 வரை மின்சார ரயில் ஓடியது, மழைக்கு அதன் அடியில் ஒதுங்கிய தொழிலாளிகள் அதை ‘டாக்காரன் குடை’ என்றார்களாம். இரும்பு துருப்பிடித்தது, செலவு செய்ய ஆளில்லை, பிரித்துவிட்டார்கள். மேலே போனால் ஸ்டான்லி டாக்கில் 1901இல் கட்டிய புகையிலைக் கிடங்கு, சுமார் 2 கோடியே 70 லட்சம் செங்கல். கழுத்து வலிக்கும்.

அதைத் தாண்டியதும் பிராம்லி-மூர் டாக் வந்துவிடும், வந்துவிடும் என்றால் இடம்தான், டாக்கை மூடி எவர்டன் அணிக்கு மைதானம் எழுப்பிவிட்டார்கள். இந்த மைதானத் திட்டத்தாலும் கரையோரம் எழுந்த மற்றக் கட்டடங்களாலும்தான் 2004இல் கிடைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் 2021இல் பறிபோனது. ஊரில் கேட்டால் பாதிப்பேர் போனால் போகட்டும் என்கிறார்கள், பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்த பகுதிக்கு வேலையும் ஆட்களும் வந்தார்களே என்று. எனக்கும் அவர்கள் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு. ஓல்ட் டாக்கை மூடிச் சுங்க மாளிகை கட்டியவர்களும் இதே ஊர்க்காரர்கள்தானே. ஆனாலும் மூடும்போது ஒரு கண்ணாடியாவது விட்டுவையுங்கள் என்பேன்.

அப்புறம், குடை கொண்டுபோகாதீர்கள். ஆற்றுக் காற்று திருப்பி மடக்கிவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டுத்தான் சரி.