அம்மாவின் அக்கியும் சின்ன மாமாவும்

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவின் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி போன் செய்தார். அம்மா மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்தில் இருக்கிறார், நான் தீவுப் பக்கம் கெலுகோரில். "உங்க அம்மாவுக்குப் பாம்பு வந்திருக்கு, டாக்டர்கிட்ட போகமாட்டேங்கிறாங்க" என்று மலாயில் சொன்னார். பாம்பு என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஹொக்கியன் பேசுகிற சீனர்கள் இதைப் பாம்பு என்பார்கள், மலாய்க்காரர்கள் காயாப் என்பார்கள், நமக்கு அக்கி. மூன்று மொழிக்காரர்கள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் ஊரில் ஒரு நோய்க்கு மூன்று பெயர்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை.

பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போனபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியிருந்தார். இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை ஒரு பட்டையாகச் சிவந்து, கொத்துக் கொத்தாய் நீர்க் கொப்புளங்கள். புதன்கிழமையிலிருந்தே அந்த இடத்தில் எரிச்சலாம். வாயு என்று நினைத்துக் கோடாலித் தைலம் தேய்த்திருக்கிறார். வியாழன் இரவு கொப்புளம் கிளம்பியதும் என்னவென்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"அவனுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுச்சு, பாப்பா."

அவன் என்றால் சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. 1998இல் எய்ட்ஸ் நோயில் இறந்துபோனார். அம்மாதான் கடைசிவரை பார்த்துக்கொண்டார். அவர் துணிகளைத் துவைத்தார், அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவினார். எழுபத்திரண்டு வயதில் தன் உடம்பில் அதே கொப்புளப் பட்டையைப் பார்த்ததும், அத்தனை வருடம் உள்ளே காத்திருந்த நோய் இப்போது வெளியே வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். இரண்டு நாள் தனியாக அந்தப் பயத்தோடு படுத்திருக்கிறார்.

நான் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநர். எச்ஐவி மாத்திரைகளை என் கையால் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பவள். என் அம்மாவுக்கு இந்தச் சந்தேகம் இருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை. அக்கிக்கு மருந்து கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். வியாழன் இரவிலிருந்து கணக்குப் போட்டால் ஞாயிறு இரவுவரை நேரம் இருந்தது. கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதால் சிறுநீரகத்துக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அது சரியாக இல்லாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். காலை 7, 11, மாலை 3, 7, இரவு 11 என்று பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பெரிய குவளை தண்ணீர். தண்ணீர் குறைந்தால் இந்த மருந்து சிறுநீரகத்தில் பொடிப்பொடியாகப் படிந்துவிடும்.

அதன் பிறகு உட்கார்ந்து பேசினோம். அம்மா எட்டு வயதில் எஸ்டேட் தோட்டத்தில் இருந்தபோது சின்னம்மை கண்டு, வேப்பிலை விரித்துப் படுத்திருந்த கதையை எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்தச் சின்னம்மைக் கிருமிதான் இது என்றேன். அம்மை இறங்கியதும் அது உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குள் போய் ஒடுங்கிக்கொள்கிறது. நம் எதிர்ப்புச் சக்தி காவல் இருக்கும்வரை அங்கேயே கிடக்கும். வயதாகியோ, புற்றுநோய் மருந்தாலோ, வேறு காரணத்தாலோ அந்தக் காவல் தளர்ந்தால் ஒரு முடிச்சிலிருந்து கிளம்பி, அந்த நரம்பு போகிற வழியிலேயே தோலுக்கு வருகிறது. பட்டையாக வருவது அதனால்தான். இடுப்பைச் சுற்றிப் பாம்பின் தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் போய்விடுவான் என்று சீன ஆன்ட்டி பயந்தார். தலையும் வாலும் அப்படிச் சேர்வதில்லை. ஒரு பக்கத்து நரம்பு அந்தப் பக்கத்துத் தோலோடு நின்றுவிடும். நடுக்கோட்டைத் தாண்டிப் போய் அடுத்த பக்கத்தைச் சுற்றாது. அவரிடமும் இதைச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார்.

தோட்டத்தில் பாட்டி காலத்தில் அக்கி எழுதுவார்கள். செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கத்தின் உருவம் வரைவார்கள். ஊரில் அது குயவர்கள் செய்கிற வேலை. காவி குளிர்ச்சியாக இருந்திருக்கும், யாரோ அக்கறையாகத் தொடுகிறார்கள் என்ற ஆறுதலும் இருந்திருக்கும். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது நரம்புக்குள் இருக்கும் கிருமியைத் தொடாது. அந்த மூன்று நாள் கழிந்துவிட்டால் போன நேரம் போனதுதான்.

அசைக்ளோவிர் எப்படி வேலை செய்கிறது என்று படித்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். வைரஸ் தன் மரபுச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பெருகுகிறது. அந்தக் கண்ணிகளில் ஒன்றைப் போலவே இருக்கும் போலிக் கண்ணி இந்த மருந்து. அடுத்த கண்ணியை மாட்டுவதற்கான கொக்கி மட்டும் அதில் கிடையாது. கோத்த இடத்திலேயே சங்கிலி நின்றுவிடும். இதைவிட அழகான விஷயம், இந்த மருந்து நல்ல செல்லுக்குள் போனால் தூங்கிக்கொண்டிருக்கும். வைரஸின் சொந்த நொதி வந்து தட்டினால்தான் விழிக்கும். திருடனே தன் கையால் விலங்கைப் பூட்டிக்கொள்கிற மாதிரி. அதனால்தான் இவ்வளவு பெரிய அளவில் கொடுத்தாலும் உடம்பு தாங்குகிறது. ஜெர்ட்ரூட் எலியோன் என்ற அம்மையாரின் குழு உருவாக்கியது. அவர் முனைவர் பட்டம் பெறாதவர். 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

இனி மாமா. பிறை என்ற ஊர்ப் பக்கம் லாரியில் கிளீனராக இருந்தார். பிறகு ஹெராயின். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் எச்ஐவி பெரும்பாலும் ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களிடம்தான் பரவியது. எங்கள் வீட்டில் இதை இன்றும் வெளியே சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன், ஏனென்றால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியவர் அவர். அவரை நினைத்து எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

1995இல் அவருக்கு அக்கி வந்தது. வயது இருபத்தொன்பது. ஒரு கிளினிக்கில் பூச மருந்தும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். இருபத்தொன்பது வயது ஆணுக்கு ஏன் அக்கி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இளம் வயதில் வருகிற அக்கி, எச்ஐவி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கத் தொடங்கிவிட்டதற்கான முதல் அடையாளமாக இருக்கலாம். எல்லாருக்கும் அப்படி இல்லை. களைப்பிலும் சிலருக்கு வரும். ஆனால் ஒரு இரத்தச் சோதனை செய்து பார்த்துவிட வேண்டிய அறிகுறி. எங்களுக்கு விஷயம் தெரிந்தது இரண்டு வருடம் கழித்து, அவர் நிமோனியாவில் மூச்சு விட முடியாமல் விழுந்தபோதுதான்.

அம்மாவுக்கு விளங்காமல் இருந்தது இதுதான். இரண்டும் வேறு வேறு கிருமி என்றால், மாமாவுக்கு இரண்டும் எப்படி வந்தது? "மாமாவுக்கும் சின்னப் பிள்ளையில சின்னம்மை வந்துச்சுதானே?" என்று கேட்டேன். வந்தது என்றார். "அந்தக் கிருமி அவர் நரம்பிலயும் இருந்துச்சு. எச்ஐவி காவல்காரனை அடிச்சுப் போட்டுச்சு, இது எழுந்திருச்சு. உங்களுக்குக் காவல்காரனுக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான்."

எச்ஐவியிடம் அடி வாங்குகிற காவல்காரன் சிடி4 செல் என்ற வெள்ளை அணு. அதன்மேல் ஒட்டி உள்ளே போகிறது. எச்ஐவியிடம் இருப்பது ஆர்என்ஏ. அதைத் தலைகீழாக டிஎன்ஏவாக எழுத ஒரு நொதி வைத்திருக்கிறது. ரெட்ரோவைரஸ் என்ற பெயரே அதனால் வந்தது. எழுதியதை நம் செல்லின் மரபுச் சங்கிலிக்குள்ளேயே செருகிவிடுகிறது. அக்கிக் கிருமி அப்படிச் செருகுவதில்லை, செல்லின் கருவுக்குள் தனியாகச் சுருண்டு கிடக்கிறது. அம்மாவுக்கு நான் சொன்ன கணக்கு இது. அக்கிக் கிருமி வாடகைக்கு அறை எடுத்தவன் மாதிரி. எச்ஐவி வீட்டுக் கிராண்டிலேயே, அதாவது பட்டாவிலேயே, தன் பேரை எழுதிக்கொண்டவன் மாதிரி. இரண்டு பேரையும் நம்மால் இன்னும் வெளியேற்ற முடியவில்லை. ஆனால் இரண்டு பேரையும் வாயைத் திறக்கவிடாமல் வைத்திருக்க முடியும்.

மாமாவின் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி மாதங்களில் வலது கண்ணில் கொசு பறக்கிறது என்பார், பிறகு திரை விழுந்த மாதிரி என்பார், பிறகு அந்தக் கண் தெரியவே இல்லை. அது சைட்டோமெகலோ வைரஸ். இதுவும் சின்னம்மைக் கிருமியின் குடும்பம்தான். நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் இருப்பது. சிடி4 எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் விழித்திரையைத் தின்னத் தொடங்கிவிடும். உதட்டில் வரும் கொப்புளம், காப்போசி சார்க்கோமா என்ற கட்டி, மூக்கின் பின்பக்கம் வருகிற புற்றுநோய் என்று இந்தக் குடும்பத்துக்குப் பல பிள்ளைகள். கடைசியாகச் சொன்ன புற்றுநோய் இங்கே சீனர்களிடம் அதிகம். சீன ஆன்ட்டியின் கணவர் அதில்தான் போனார்.

எச்ஐவிக்கான ஏஇசட்டி மாத்திரை 1987இலேயே வந்துவிட்டது. அதுவும் கொக்கியில்லாத போலிக் கண்ணிதான். ஆனால் எச்ஐவி அவசர அவசரமாகப் பிழையோடு பிரதி எடுக்கிறது. அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்துக்குத் தப்பிவிடும். ஒரே மருந்தைக் கொடுத்தால் சில மாதங்களில் அது பலிக்காமல் போகும். 1996இல்தான் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கிவிடுகிறது என்று உலகம் பார்த்தது. ஆனால் அதன் விலை எங்களைப் போன்ற குடும்பம் எட்டிப் பார்க்கக்கூடியதாக இல்லை.

நான் 2007இல் வேலைக்குச் சேர்ந்தபோது காலைக்கு இத்தனை, மாலைக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுப்போம். இப்போது பலருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவில்கூடத் துணைக்குப் பரவாது. என் கவுண்டருக்கு வருகிறவர்களில் பேரப்பிள்ளை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மாத்திரைப் பொட்டலத்தை இன்னும் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. செய்தித்தாளை நானே எடுத்து வைத்துவிடுகிறேன்.

அம்மாவின் கொப்புளங்கள் பத்து நாளில் பொருக்குத் தட்டின. அதுவரை என் தம்பி மனைவியை வீட்டுக்கு வர வேண்டாம் என்றேன். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி, சின்னம்மை வந்ததில்லை. கொப்புளத்து நீர் பட்டால் அவளுக்கு அக்கி வராது, சின்னம்மை வரும். அந்த நேரத்தில் அது ஆபத்து. புண் ஆறிய பிறகும் வலி போகவில்லை. ஜாக்கெட் துணி உரசினாலே துடித்துப்போகிறார். நரம்பு காயப்பட்டுவிட்டால் வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் இப்படி இருக்கும். சாதாரண வலி மாத்திரை அதற்குக் கேட்காது. இரவில் காபாபென்டின் சாப்பிடுகிறார், கொஞ்சம் தூங்குகிறார். ஐம்பது வயதானவர்களுக்கு இரண்டு ஊசியாகப் போடும் தடுப்பூசி இருக்கிறது. அம்மாவுக்கு முன்பே போட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்தும் தள்ளிப்போட்டேன். தவறு என்னுடையது.

துணி துவைத்ததால், தட்டுக் கழுவியதால் எச்ஐவி வராது என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. தலையை ஆட்டுவார், கண்ணில் பயம் அப்படியே இருக்கும். மாத்திரை தொடங்கிய நாலாவது நாள், செவ்வாய்க்கிழமை, "சரி, சோதிச்சே பார்த்துடலாம்" என்று அழைத்துப் போனேன். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், அரை மணி நேரம். தாதி வந்து ஒன்றும் இல்லை என்று சொன்னபோது அம்மா அழவில்லை. சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிளினிக் வாசலில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நீ கொடுக்கிற அந்த மருந்து, காசு எவ்வளவு?"

"அரசாங்க ஆஸ்பத்திரியில முதல் வரிசை மருந்து இலவசம்மா."

"எப்போதிருந்து?"

"2006."

கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார். தொண்ணூற்றெட்டிலிருந்து எட்டு விரல். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மணி என்ன என்று கேட்டார். பதினொன்று ஆகப்போகிறது என்றேன். கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துவிட்டு, தண்ணீர் வாங்கிவரச் சொன்னார்.